நனைய மாட்டேன் என்ற துணி

நெட்டாம்பட்டியில் அறிவியலைப் பரப்ப ஒரு மன்றம் உண்டு. தலைவர் சிற்றம்பலம், செயலாளர் மருதப்பன், உறுப்பினர் ஞானமுத்து. மூன்று பேர் மூளையையும் ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கினாலும் சத்தம் வராது.

போன வருஷம் சிற்றம்பலம் ராக்கெட் விட்டதில் மன்றத்து ஆண்டு விழாப் பந்தல் எரிந்தது. அன்றிலிருந்து ஊர் அவரைப் 'பந்தல்கொளுத்தி' என்றுதான் கூப்பிட்டது. இந்த வருஷமாவது 'விஞ்ஞானி' என்று கூப்பிட வைக்க வேண்டும் என்று மனிதர் தவியாய்த் தவித்தார்.

அதனால்தான் நகரத்துக் கல்லூரியில் நானோ தொழில்நுட்பம் நடத்தும் பர்வீன் அம்மாவை விழாவுக்கு அழைத்தார். அந்த அம்மாவும் முன்கூட்டியே ஒரு வெள்ளைத் துணியைப் பார்சலில் அனுப்பி, சீட்டும் வைத்திருந்தார்: "துணி முழுக்க, தூசியைவிடச் சின்னத் துகள்கள் படிந்திருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வந்து மக்களுக்குப் புரிகிற மாதிரி வேடிக்கையாக விளக்குகிறேன். அதுவரை சுத்தமாக வைத்திருங்கள்."

சிற்றம்பலத்தின் முகம் சுருங்கிவிட்டது. "துணி முழுக்கத் தூசியாம்யா. அவ்வளவு படிச்ச அம்மா, அழுக்குத் துணியை அனுப்பியிருக்காங்க."

"பார்த்தா வெள்ளையாத்தானே இருக்கு, தலைவரே?" என்றார் ஞானமுத்து.

"தூசியைவிடச் சின்னதுன்னு எழுதியிருக்கே, உன் கண்ணுக்கு எப்படித் தெரியும்?" என்று மடக்கினார் மருதப்பன்.

"அப்ப அது கொஞ்சம் அழுக்கா, ரொம்ப அழுக்கா?"

இதை அரை மணி நேரம் ஆராய்ந்தார்கள். கண்ணுக்கே தெரியாமல் ஊறிப்போன அழுக்கு மகா அழுக்கு என்று முடிவாயிற்று. சுத்தமாக வைக்கச் சொல்லியிருக்கிறதே! துணியோடு குளத்துக்குக் கிளம்பினார்கள்.

அங்கேதான் வந்தது வினை. ஊற்ற ஊற்றத் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. துணி நனைவேனா என்றது.

"தலைவரே, துணி கெட்டுப்போச்சு!"

"மேடையில காட்டினா மானம் போயிடும். விடாதே, அடி!"

கல்லில் அடித்தார்கள். சோடா உப்புப் போட்டு வேக வைத்தார்கள். செங்கல்லால் தேய்த்தார்கள். மூன்றாம் நாள் மதியம் ஒரு ஓரம் லேசாக நனைந்தது. ஞானமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. பொழுது சாய்வதற்குள் துணி முழுக்கச் சொட்டச் சொட்ட நனைந்தது. ஒரு விஞ்ஞானியின் தப்பையே திருத்திவிட்ட பெருமையில் சிற்றம்பலத்துக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானூறு பேர் கூடிவிட்டார்கள். பர்வீன் அம்மா துணியைத் தூக்கிக் காட்டினார். "தாமரை இலையில தண்ணி ஒட்டாது, பார்த்திருப்பீங்க. இந்தத் துணியும் அப்படித்தான்" என்று ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினார். துணி அத்தனையையும் குடித்தது. இன்னொரு செம்பு ஊற்றினார். அதையும் குடித்தது.

மூன்று பேர் மட்டும் பலமாகக் கைதட்டினார்கள்.

"இதை என்ன பண்ணீங்க?"

"நன்றியெல்லாம் எதுக்கும்மா?" என்றார் சிற்றம்பலம் அடக்கமாக. "நனையாம அடம் பிடிச்சது. மூணு நாள் குளத்துல போட்டுத் துவைச்சு சரி பண்ணிட்டோம்."

"ஐயோ! நனையாம இருக்கத்தானே அந்தத் துகள் பூச்சு! ரெண்டு வருஷ உழைப்பு, எல்லாம் குளத்தோட போச்சே!"

"பந்தல்கொளுத்தி!" என்று கூட்டம் கூவியது. சிற்றம்பலம் குளம் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். அப்புறம் மெல்ல முகம் மலர்ந்தது.

"மருதப்பா, பூச்சு எங்கே போச்சாம்?"

"குளத்துக்கு, தலைவரே."

மைக்கைப் பிடுங்கினார். "மக்களே! நம்ம குளத்துத் தண்ணி இனிமே யாரையும் நனைக்காது! வாங்க, காட்டுறேன்!"

ஊரே பின்னால் ஓடியது. பட்டுச் சட்டை, மாலை, கைக்கடிகாரத்தோடு கழுத்தளவு இறங்கி, தலையில் பாசியோடு கரையேறினார் சிற்றம்பலம்.

ஞானமுத்து சட்டையைத் தொட்டுப் பார்த்தார். "நனைஞ்சிருக்கே, தலைவரே?"

"நாம துவைச்சது அந்தப் படித்துறையில. அங்கே இறங்கணும்." சட்டையைக் கழற்றிப் பிழிந்தார். "ஆனா முதல்ல இது காயட்டும். ஈரச் சட்டையோட இறங்கினா, நனைஞ்சுதா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

ஆமாம், அதுதானே நியாயம் என்று நானூறு பேரும் கரையில் உட்கார்ந்து, சட்டை காயக் காத்திருந்தார்கள்.