பிங் அடித்து வென்ற கபடிக் குழு

எருக்கம்பாறைக் கபடிக் குழுவில் ஆள் ஏழு. மூளை ஒன்று. அதுவும் அன்று லீவு.

மாவட்டப் போட்டிக்கு இணையதளத்தில் பெயர் பதிய அன்று மாலை ஐந்து மணி கடைசி. வயது வரம்புப்படி கேப்டன் பலவேசத்துக்கு இது கடைசி வருஷம். விட்டால், இனி ஓரமாக நின்று கைதட்ட வேண்டியதுதான்.

மூன்று மணிக்கே கம்ப்யூட்டர் கடைக்கு வந்துவிட்டார்கள். தளம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. பலவேசம் சென்னையில் இருக்கும் அத்தானுக்குப் போன் போட்டான்.

"கறுப்புத் திரையைத் திற. பிங்னு அடிச்சு, பக்கத்துல தளத்தோட பேரையும் கடைசியில '-t'ன்னும் அடி. இங்கேயிருந்து ஒண்ணு கிளம்பிப் போயி, தளத்தைத் தொட்டுட்டுத் திரும்பி வரும். நீ நிறுத்துற வரைக்கும் போயிட்டுப் போயிட்டு வரும். ஒழுங்கா வந்தா தளம் உயிரோட இருக்கு. அப்புறம் பதிவு பண்ணு."

அடித்தான். வரிவரியாகப் பதில் வந்தது.

ஏழு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எதிராளி இடத்துக்குப் போய், தொட்டு, பிடிபடாமல் திரும்புவது. பிறந்ததிலிருந்து அவர்களுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"நமக்குப் பாயிண்ட்," என்றான் பலவேசம்.

ஐகோர்ட்துரை நோட்டில் கோடு போட ஆரம்பித்தான்.

"ஏலே, மூச்சு விடாமத்தான் போறானா?"

"முப்பத்திரண்டு மில்லி செகண்டுன்னு போட்டிருக்குல்லா. மூச்சுக் கணக்கு அதான்."

"நம்ம கேப்டனுக்கு இருபதுக்கே நாக்குத் தள்ளிரும்."

"அது போன வருஷம்டே," என்றான் பலவேசம்.

நாலரைக்குச் சித்திரைவேல் இழுத்தான். "பதிவு பண்ணணும்லா?"

"ஜெயிச்சிக்கிட்டு இருக்கையில ஆட்டத்தை எவம்லே நிறுத்துவான்?"

நியாயம்தான் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

ஐந்து தாண்டித்தான் நிறுத்தினார்கள். கணக்கு வந்தது: போனது 6,310. திரும்பியது 6,309. இழப்பு ஒன்று. தளத்தைத் திறந்தால், 'பதிவு முடிந்தது.'

"தோத்ததும் கடையைச் சாத்திட்டான் பாத்தியா," என்றான் பலவேசம்.

மறுநாள் முதல் பஸ்ஸில் கோப்பை வாங்கப் போனார்கள். போட்டி நடத்தும் அதிகாரி பட்டியலைப் புரட்டினார்.

"உங்க குழு பேரே இல்லையேப்பா. யாரை ஜெயிச்சீங்க?"

"உங்களைத்தான் சார்." பலவேசம் நோட்டை நீட்டினான்.

அதிகாரி கோடுகளைப் பார்த்தார். கோப்பை கிடையாது என்றார்.

பலவேசம் மேசைப் பக்கம் நெருங்கினான். குரலைத் தாழ்த்தினான்.

"கோப்பையை நீங்களே வச்சுக்கிடுங்க சார். நேத்து எங்க ஆளு ஒருத்தன் உங்ககிட்ட மாட்டிக்கிட்டான். அவனை மட்டும் விட்டுருங்க. பத்து மணி பஸ்ஸுக்குப் போவணும்."

அதிகாரி நாற்காலியைப் பின்னால் தள்ளி, குனிந்து, மேசைக்கு அடியில் பார்த்தார்.