கல்லில் ஏறிய இரண்டாவது பெண்

முன்னொரு காலத்திலே, கடல் இப்போதைவிடக் கொஞ்சம் தள்ளியிருந்த காலத்திலே, வெள்ளலை நாடு என்று ஒரு நாடு இருந்தது. அதன் ராஜா திருமுடியான். தலையில் இருந்த கிரீடம் அவனுடையது, நாக்கு மந்திரி சூலகண்டனுடையது. சூலகண்டன் மந்திரி மட்டுமில்லை, மந்திரவாதியும்கூட. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் நாடு என்னவாகும் என்று கேளுங்கள்.

அவன் அரண்மனை வாசலில் ஒரு கல்லைக் கொண்டுவந்து போட்டான். சத்தியக் கல் என்று பேர். கொடுமைக்கு ஆளான பெண் அதன்மேல் தனியாக ஏறி நின்று, நடந்ததைச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் கட்டியக்காரன் கூவுவான்:

"இவள் சொல்லை நம்புவார் உண்டா? உண்டென்றால் ஏறிவந்து கையைப் பிடியுங்கள்! இவள் கல்லானால் நீங்களும் கல்!"

மூன்று முறை கூவுவான். மூன்று முறையும் கூட்டம் தரையைப் பார்க்கும். மூன்றாவது கூவல் அடங்கும்போது அவள் பாதத்திலிருந்து உச்சிவரை கல்லாகியிருப்பாள்.

"பார்த்தீர்களா? பொய் சொன்னாள், கல்லானாள்" என்பான் சூலகண்டன். ஜனங்களும் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்பார்கள். இப்படியே அரண்மனை வாசலில் கல்லுப் பெண்களால் ஒரு தோப்பே உண்டாகிவிட்டது. அவர்கள் தோளில் காக்கை எச்சமிட்டது, பிள்ளைகள் அவர்கள் பின்னால் ஒளிந்து விளையாடினார்கள். சொல்லும்போதே எனக்கு வாய் கசக்கிறது.

அந்த நாட்டின் உப்பளத்தில் வெயிலுகந்தாள் என்று ஒருத்தி வேலை செய்தாள். அளத்துப் பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. யாரும் பட்டம் கட்டவில்லை. சண்டை என்றாலும் பிரசவம் என்றாலும் அவள் வாசலுக்கே வந்தார்கள், அவ்வளவுதான்.

ஒருநாள் அளத்துப் பெண் இசக்கி, சூலகண்டன் மாளிகைக்கு உப்பு கொண்டுபோனாள். அவள் உள்ளே போனதும் மந்திரி கதவைச் சாத்தினான். சாயங்காலம் அவள் கிழிந்த சேலையோடு வெயிலுகந்தாள் முன்னால் வந்து நின்றாள். அதற்குமேல் நான் விவரிக்க மாட்டேன்.

"யக்கா, நான் கல்லுல ஏறப் போறேன்."

"ஏட்டி, ஏறுனவ ஒருத்தியும் இறங்கலையே!"

"வாயை மூடிக்கிட்டு இருந்தா மட்டும் நான் மனுஷியாவா இருக்கேன்? இப்பவே கல்லுதான் யக்கா."

 வெயிலுகந்தாள் மனசு கொதிக்க, அளத்து வரப்பில் நடந்தாள். அங்கே சேற்றில் ஒரு உடும்பு சிக்கிக் கிடந்தது. அதன் கண்ணில் உப்புப் பொருக்கு. அவள் தன் குடிதண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டாள். உடும்பு கண்ணைத் திறந்து பேசியது.

"சத்தியக் கல்லுக்கு அடியில் குடியிருப்பவன் நான். மூன்று கேள்வி கேள். நாலாவது கேட்டால் கடிப்பேன்."

"ஏறுனவளுகள்ல பொய் சொன்னவ யாரு?"

"ஒருத்தியும் இல்லை."

வெயிலுகந்தாள் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். அத்தனை பேரையும் பொய்க்காரி என்றதே இந்த ஊர்!

"அப்போ அந்தக் கல்லு எதைத் திங்குது?"

"தனியாக நிற்பவளைத் தின்கிறது. அதற்கு உண்மையும் தெரியாது, பொய்யும் தெரியாது. வெறும் கல்தானே."

"பக்கத்துல இன்னொருத்தி ஏறி நின்னா?"

 "தெரியாது. யாரும் ஏறியதில்லை" என்று சொல்லிவிட்டு உடும்பு புதருக்குள் போய்விட்டது.

அவள் அளத்துப் பெண்களைக் கூட்டிச் சொன்னாள். "நாளைக்கு இசக்கி ஏறுதா. கூட நான் ஏறுதேன். பிழைப்பேனா தெரியலை. வாரவ வரலாம். வராதவளை நான் ஏச மாட்டேன்."

ஒருத்தி அழுதாள். "எனக்கு மூணும் சின்னப் பிள்ளைக யக்கா" என்றாள். மற்றவர்கள் காலால் உப்பைக் கிளறிக்கொண்டு நின்றார்கள். பயந்தவர்களைக் குற்றம் சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

மறுநாள் இசக்கி கல்லில் ஏறினாள். நடந்ததைச் சொன்னாள். செய்தவன் பெயரையும் சொன்னாள். சூலகண்டன் கொட்டாவி விட்டான்.

"இவள் சொல்லை நம்புவார் உண்டா?"

கூட்டம் தரையைப் பார்த்தது. இசக்கியின் பாதம் கல்லானது.

"நான் நம்புதேன்!" வெயிலுகந்தாள் ஏறி அவள் கையைப் பிடித்தாள். ஊரே மூச்சை அடக்கியது. கல் ஒரு நொடி தயங்கியது. பிறகு இரண்டு பேரையும் சேர்த்துத் தின்னத் தொடங்கியது.

"இவள் சொல்லை நம்புவார் உண்டா?"

முழங்கால்வரை கல். இடுப்புவரை கல். "யக்கா, எனக்காக நீயும் போறியே!" என்று இசக்கி கதறினாள். "பிடியை விடாதே" என்றாள் வெயிலுகந்தாள். அவளுக்கும் பயம்தான். பயந்துகொண்டேதான் பிடித்திருந்தாள்.

மூன்றாவது முறை கூவக் கட்டியக்காரன் வாயைத் திறந்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருத்தி ஓடிவந்தாள். சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அழுதாளே, அவளேதான்.

"நான் நம்புதேன்!"

அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. "நானும் நம்புதேன்!" அப்புறம் அளத்துப் பெண்கள் அத்தனை பேரும் ஏறினார்கள். கல்லில் இடமில்லாமல் ஒருத்தி இடுப்பை ஒருத்தி கட்டிக்கொண்டு நின்றார்கள். இத்தனை பேரை ஒன்றாகத் தின்ன முடியாமல் கல் உறுமியது, நடுங்கியது, அந்த இருவரிடம் தின்றதைக் கக்கியது. கல்லாயிருந்த இசக்கியின் காலில் மறுபடியும் ரத்தம் ஓடியது.

"சூழ்ச்சி! இவள் சொல்வது பொய்!" என்று கத்தினான் சூலகண்டன்.

வெயிலுகந்தாள் அரண்மனை மாடத்தில் நின்ற ராஜாவைப் பார்த்தாள். "மகாராசா, மந்திரியும் இதுல ஏறி நின்னு அதைச் சொல்லட்டும்."

திருமுடியான் வாழ்நாளில் முதல் முறையாகத் தானே யோசித்தான். "ஏறும், மந்திரியாரே" என்றான். சூலகண்டன் பின்வாங்கினான். அவன் மந்திரமெல்லாம் அந்தக் கல்லுக்குள் இருந்ததால் கையில் ஒன்றுமில்லை. பெண்கள் இறங்கிக்கொள்ள, காவலர்கள் அவனைத் தூக்கி ஏற்றினார்கள்.

"இவர் சொல்லை நம்புவார் உண்டா?"

அவன் தயவில் தின்று கொழுத்தவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். மூன்று முறை கூவியும் யாரும் நிமிரவில்லை. சூலகண்டன் உச்சிவரை கல்லானான். அந்தக் கணமே சத்தியக் கல் அவனோடு சேர்ந்து இரண்டாகப் பிளந்தது. மந்திரம் செத்தது. வாசலில் கல்லாய் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியாக மூச்சு விட்டார்கள். ஒருத்தி தன் கைக்குழந்தையைத் தேடினாள். மீசை முளைத்த ஒருவன் "அம்மா" என்று கூப்பிட்டான்.

ராஜா வெயிலுகந்தாளுக்குப் பொன் தருகிறேன் என்றான். அவள் நீதி ஆசனத்தைக் கேட்டாள். கொடுத்தான். அதில் உட்கார்ந்து அவள் சொன்ன முதல் தீர்ப்பே ராஜாவுக்குத்தான்.

"கல்லானவளுக வீடு வீடா நடந்து போங்க. 'உங்க மக பொய் சொல்லலை, நான்தான் அவ சொன்னதைக் கேக்கலை'ன்னு உங்க வாயால சொல்லுங்க."

ராஜா நடந்தான். எல்லா வீட்டிலும் சந்தோஷம் காத்திருக்கவில்லை. கல்லான பெண்கள் சிலரைச் சூலகண்டன் உடைத்துத் தன் மாளிகைக்குப் படிக்கட்டாகப் போட்டிருந்தான். அவர்கள் திரும்பவேயில்லை. சுடலி என்பவளின் மகள் செவந்தி அவர்களில் ஒருத்தி.

ராஜா சொன்னதைச் சுடலி கேட்டுக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர் வரவில்லை.

"எம் மக பொய் சொல்ல மாட்டான்னு எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சும் நான் ஏறலை. அதுக்கு என்ன தண்டனைன்னு உங்க நீதியம்மாகிட்டக் கேட்டுச் சொல்லுங்க."

ராஜா வந்து அதைச் சொன்னதும் வெயிலுகந்தாள் ஆசனத்தைவிட்டு இறங்கி, சுடலியின் வீட்டுக்கே போனாள். அன்றைக்கு முழுக்க அவளோடு இருந்தாள். புறப்படும்போது சொன்னாள்.

"உங்களைத் தண்டிக்க எனக்கு மனசு வரலை, மதினி. ஆனா ஒரு வேலை இருக்கு. நியாயம் கேட்டு வாரவளுக்குப் பக்கத்துல நிக்க ஒரு ஆள் வேணும்."

மறுநாள் காலையில் சுடலி சபைக்கு வந்தாள். நியாயம் கேட்டு வந்த பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. சாகும் நாள்வரை அவள் ஒருத்தியைக்கூடத் தனியாக நிற்க விடவில்லை.