பெயர் இல்லாத இளவரசி

கேளுங்கள். ஒரு மலை, அதற்கு இந்தப் பக்கம் ஒரு நாடு, அந்தப் பக்கம் ஒரு நாடு என்று இருந்த காலம். இந்தப் பக்கத்தை ஆண்டவள் அலர்மேனி. அந்தப் பக்கத்தை ஆண்டவன் வல்லரையன். அவனை நல்லவன் என்று சொல்ல வழியே இல்லை.

அலர்மேனியின் தம்பி தென்னவேள் எல்லைச் சந்தைக்குக் குதிரை வாங்கப் போனான். வல்லரையனின் ஆட்கள் அவனைப் பிடித்துக் கோட்டையில் அடைத்தார்கள். மலையைக் கொடுத்தால்தான் தம்பி என்று சேதி வந்தது.

தாய் இல்லாமல் அவள் தூக்கி வளர்த்த தம்பி. படை தயார் என்றார் தளபதி மழவர். அவளும் வாளை எடுத்துவிட்டாள். பிறகுதான் கேட்டாள்.

"நம் முரசு கோட்டைக்குள் கேட்டதும் தம்பியை என்ன செய்வான், மழவரே?"

கேட்ட கையோடு அவள் வாள் உறைக்குள் போனது.

அந்தச் சமயம் வல்லரையனுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. அந்த மலைநாடுகளில் ஒரு வழக்கம். அரச வீட்டுக் குழந்தைக்குச் சுற்றியிருக்கும் அரசர்கள் எல்லாரும் வந்து, ஆளுக்கொரு துளி தேன் நாக்கில் வைத்து, காதில் பெயர் சொல்ல வேண்டும். அப்போதுதான் அது பெயர்.

பக்கத்தில் இன்னும் மூன்று அரசர்கள் இருந்தார்கள். பெயர் வைக்கப் போக வேண்டாம் என்று கேட்க அலர்மேனி அவர்களிடம் போனாள். முதல் அரசர் சிரித்தார், இரண்டாமவர் பயந்தார், மூன்றாமவர் தூங்குவதுபோல் நடித்தார். மூவரிடமும் அவள் சொன்னது ஒன்றுதான்.

"இன்றைக்கு என் தம்பி. நீங்கள் தேனோடு போனால் நாளைக்கு உங்கள் பிள்ளை."

யாரும் போகவில்லை. பந்தல் காலியாகக் கிடந்தது. வல்லரையன் தானே தேன் வைத்து, முழ நீளத்துக்கு ஒரு பெயர் வைத்தான். அதைச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. தாதி பாப்பா என்றாள். காவல்காரன் 'அது' என்றான். தாய் பாடிய தாலாட்டு, பெயர் வரும் இடத்தில் நின்று போனது.

படை எடுக்கலாம் என்று மழவர் மறுபடி வந்தார். பொறுங்கள் என்றாள் அலர்மேனி. மூன்றாம் முறை வந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். அவர் சத்தமில்லாமல் திரும்பிப் போனார்.

அங்கே வல்லரையன், நாலு நாட்டின் மேலும் படை எடுப்பேன் என்று குதித்தான். அவன் மனைவி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"வெட்டிவிட்டு வாருங்கள். வெட்டுப்பட்ட கை வந்து என் பிள்ளைக்குத் தேன் வைக்குமா?"

மறுநாள் கோட்டைக் கதவு திறந்தது.

தாடியும் எலும்புமாக வந்து நின்ற தம்பியிடம், "சாப்பிட்டாயா?" என்றுதான் கேட்டாள் அலர்மேனி. சாப்பிட்டு முடித்ததும் அவன் சொன்னான்.

"அந்தப் பிள்ளை அழுவது சிறைக்குள் கேட்கும், அக்கா. நீ போய்த் தேன் வை."

அவளுக்குக் கோபம் ஆறவில்லை. ஆனாலும் மூன்று அரசர்களோடு போனாள். வல்லரையன் தலை நிமிரவில்லை. தேனை வைத்து, பெயரைச் சொல்லி, உடனே கிளம்பிவிட நினைத்தாள். குழந்தை அவள் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. சரி என்று பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கெட்ட அரசனைத் திருத்தப் படையோடு போவதைவிட, நல்லவர்கள் ஒன்றாகச் சேர்ந்து அவனை விட்டு விலகி நிற்பதே மேல், ஏனென்றால் அதில் யார் வீட்டுப் பிள்ளையும் சாவதில்லை.