கை தூக்காத மாப்பிள்ளை

தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற தாணுமாலயன், அறுபதாவது வயதில் பெர்னதெத்திடம் மாணவராகச் சேர்ந்தார். பெர்னதெத்துக்கு முப்பத்திரண்டு வயது. கட்டுமரக்காரர் மகள். ஞாயிற்றுக்கிழமைகளில் குளிக்க வருகிறவர்களைக் கடல் கொண்டுபோகாமல் காவல் நிற்கும் தன்னார்வலர்களுக்கு அவள்தான் ஆசான்.

நீச்சலும் கயிறு வீசுவதும் அவருக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிட்டன. பள்ளிக்கூடக் குரல்தான் போகமாட்டேன் என்றது.

ஒரு ஞாயிறு காலை, பாலமுரளி என்ற புது மாப்பிள்ளை சிவப்புக் கொடியைத் தாண்டி இறங்கினான். தாணுமாலயன் அவனைக் கரைக்குக் கூப்பிட்டு, மாமனார் வீட்டார் அத்தனை பேர் முன்னாலும், படித்தவன்தானா நீ என்று கேட்டுவிட்டார். அவன் தலைகுனிந்து நின்றான். பிறகு கொடிக்கு இந்தப் பக்கமாகவே போய் இறங்கினான்.

அரை மணி நேரம் போயிருக்கும். பெர்னதெத் திடீரென்று கயிறு கட்டிய மிதவையை எடுத்துக்கொண்டு கடலுக்குள் ஓடினாள். கயிற்றின் நுனியை விடாதீர்கள் என்று அவரிடம் சொன்னதோடு சரி.

தாணுமாலயனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாப்பிள்ளை கழுத்தளவு தண்ணீரில் சும்மா நிற்கிறான் என்றுதான் நினைத்திருந்தார். சற்றுமுன் அவர் பார்த்தபோதுகூடச் சிரித்தானே.

அவள் எட்டிப் பிடிப்பதற்குள் அவன் தலை இரண்டு முறை முங்கிவிட்டது. தாணுமாலயன் கயிற்றை இழுத்தார். உள்ளங்கை கிழிந்தது தெரியவில்லை. பக்கத்தில் நின்றவர்களும் சேர்ந்து இழுத்தார்கள்.

மணலில் கிடத்தியதும் அவன் தண்ணீராகக் கக்கினான். இருமினான். மூச்சு வந்தது. மனைவி அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாமியார் பெர்னதெத்தின் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. மாமனார் அழுதுகொண்டே சிரித்தார். தாணுமாலயன் கயிற்றைப் பிடித்தபடியே மணலில் உட்கார்ந்துவிட்டார். தன் உயிரே திரும்பி வந்தது போலிருந்தது அவருக்கு.

கொஞ்சம் ஆசுவாசமானதும் பெர்னதெத்திடம் கேட்டார். "ஒரு கையைத் தூக்கியிருந்தால் ஓடியிருப்பேனேம்மா. ஏன் தூக்கவில்லை இவன்?"

"அவருகிட்டயே கேளுங்க சாரே" என்று சொல்லி, பால் சேர்க்காத கட்டன் சாயா ஒன்றை அவர் கையில் கொடுத்தாள் அவள்.

தாணுமாலயன் சாயாவைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவன் இரண்டு வாய் குடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டார்.

பாலமுரளி சாயாவை மணலில் வைத்தான்.

"ரொம்ப நேரமா காலுக்குத் தரை எட்டல சார். நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்க. திரும்பவும் எல்லார் முன்னாலயும் ஏசுவீங்களோன்னு, எப்படியாவது நானே வந்துரலாம்னு நெனச்சேன்."

தாணுமாலயன் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, பிள்ளைக்குத் துவட்டுவது போல அவன் தலையைத் துவட்டிவிட்டார். அவன் மறுக்கவில்லை.

பிறகு எழுந்து பெர்னதெத்திடம் வந்தார். அவள் ஈரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வாரம் முதல் நான் வரவேண்டாம், இல்லையாம்மா?"

அவள் அவருடைய கிழிந்த உள்ளங்கையைப் பார்த்தாள்.

"மருந்து போட்டுட்டு காலையில வெள்ளனவே வந்துருங்க சாரே. குளிக்க வாறவங்ககிட்ட, எந்த ஊருன்னு முதல்ல அன்பா கேளுங்க. மத்ததெல்லாம் அதுக்கப்புறம் சொல்லலாம்."