அரசர் சொன்ன "ஆகவே"

சங்குமுனையை ஆண்ட பூபதிச் சிங்கத்துக்குத் தங்கமான மனசு. ஊரில் யாருக்குப் பண்டிகை என்றாலும் ஓடோடிப் போய் வாழ்த்திவிட வேண்டும் அவருக்கு. என்ன பண்டிகை என்று மட்டும் விசாரிக்கமாட்டார்.

போன வருஷம் நோன்பு மாதத்து உச்சி வெயிலில் ஒரு குடம் பானகத்தோடு பக்கீர் மரைக்காயர் வீட்டுக்குப் போய், "குடித்தால்தான் நகருவேன்" என்று நின்றார். பொழுது சாய்ந்தால் எதையும் வாயில் வைக்காத சமணர் அப்பாண்டை நயினாரை விளக்கு வைத்தபின் விருந்துக்கு அழைத்து இலைமுன் உட்கார்த்தினார். அதோடு விட்டாரா? ஏசுநாதர் உயிர்விட்ட பெரிய வெள்ளிக்கிழமையன்று நாதசுரம் முழங்க யானைமேல் கடற்கரைக்குப் போனார். துக்கத்தில் இருந்த மீனவர்களைப் பார்த்து, "இந்த நாள் உங்களுக்கு அடிக்கடி வரட்டும்!" என்று கைகூப்பினார்.

மீனவர் தலைவர் சவேரியான் யானைக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். மறுநாளிலிருந்து அரண்மனைக்கு மீன் வரவில்லை. அவ்வளவுதான். வஞ்சிரம் இல்லாமல் ஒரு கவளம் இறங்காத அரசர், புடலங்காயைப் பார்த்துப் பெருமூச்சு விட்டே இளைத்துப்போனார்.

இந்த மார்கழியில் கோயில் பூசை, நோன்பு, கிறிஸ்து பிறப்பு எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தன. அரசருக்கு உதறல் எடுத்தது.

"எல்லா மதத்தாருக்கும் பொருந்த வேண்டும். விருந்துக்கும் விரதத்துக்கும், வருஷத்தின் எந்த நாளுக்கும் பொருந்த வேண்டும். ஒருவர்கூட முகம் சுளிக்கக் கூடாது. அப்படி ஒரே ஒரு வாழ்த்து வேண்டும்!" என்றார்.

மந்திரி அகோரம் பிள்ளை முந்திக்கொண்டார். பெரியவர்களைக் கூட்டிவைத்துப் படித்தார்: "திருநாளில் இறையருளால் விளக்கும் விருந்தும் பெருகி, ஆகவே அனைவரும் இன்புற்று வாழ்க!"

"நோன்பிருக்கிறவன்கிட்டயா விருந்து?" என்றார் மரைக்காயர். விருந்து போயிற்று.

"விளக்கில் பூச்சி விழுந்து சாகும். எங்கள் சமயத்தில் அருள் தருகிற இறைவன் என்று தனியாக ஒருவரும் கிடையாது," என்றார் நயினார். விளக்கும் அருளும் போயின.

"பெரிய வெள்ளி எங்களுக்குத் திருநாள் இல்ல. அன்னிக்கு இன்பமும் இல்ல," என்றான் சவேரியான் அனுப்பியிருந்த ஆள். அவையும் போயின.

"அனைவரும் என்றால் என் மைத்துனனும் சேர்ந்துவிடுவானே!" என்று அகோரம் பிள்ளையே அலறினார். அனைவரும் போனார்கள். ஆளே இல்லாதபோது வாழ்வது யார் என்று, 'பெருகி'யையும் கூட்டிக்கொண்டு 'வாழ்க' தானாக உதிர்ந்தது.

மிஞ்சியது ஒரே சொல். அரசர் உப்பரிகையில் ஏறி, ஊரே அண்ணாந்து பார்க்க, இரண்டு கையையும் விரித்து முழங்கினார்: "ஆகவே!"

ஊர் காத்திருந்தது. அரசர் உள்ளே போய்விட்டார். வரி ஏறப்போகிறது என்று பயந்து ஜனங்கள் வீட்டுக்கு ஓடினார்கள்.

சபையில் ஒருவன் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வாய்த்துடுக்குக்காகவே சம்பளம் வாங்கும் தாண்டவராயன்தான் அவன்.

"சிரிக்கிறானே, அவனே கண்டுபிடிக்கட்டும்! முடியாவிட்டால் உப்புத் தோணியில் ஏற்றி ஊரைவிட்டே அனுப்புங்கள்!" என்றார் அகோரம் பிள்ளை. பசியில் இருந்த அரசரும் தலையாட்டிவிட்டார்.

தாண்டவராயன் சிரிப்பை நிறுத்தினான். உப்புத் தோணியில் போனவர்கள் திரும்பி வந்து அவன் பார்த்ததில்லை. ஆனாலும் கிறிஸ்து பிறப்பு நாளன்று மூன்று பித்தளைத் தூக்குகளோடு அரசர்முன் நின்றான்.

"யானை வேண்டாம். கிரீடம் வேண்டாம். வாயைத் திறக்கவே வேண்டாம். தூக்கை மட்டும் நீட்டுங்கள் மகாராஜா."

"மூன்று எதற்கடா?"

"நயினார் வீட்டுத் தூக்கில் மீன் வாடை படலாமா?"

பொழுதிருக்க நயினார் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். அவர் பதறிப்போனார். வாசலுக்கு வந்தவரை வெறும் பாத்திரத்தோடு அனுப்புகிற வழக்கம் சங்குமுனையில் யாருக்கும் கிடையாது. தேங்காய்ச் சோறு வந்தது. "நலமுண்டாகட்டும்," என்றார் நயினார். அடுத்தது பள்ளிவாசல். நோன்புக் கஞ்சிக்குத் தூக்கோடு நின்ற வரிசையில் கடைசி ஆளாக அரசர் நின்றார். மரைக்காயர் தம் கையாலேயே ஊற்றி, "அல்லாஹ் உங்களுக்குப் பரக்கத் செய்வானாக," என்றார்.

கடைசியாகச் சவேரியான் வீடு. தாண்டவராயன் கடல்பக்கம் திரும்பாமல் நடந்தான். உப்புத் தோணி அங்கிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியும்.

சவேரியான் அரசரை மேலும் கீழும் பார்த்தார். "போன வருசம் யானையில வந்தீக. இப்ப தூக்கோட வந்திருக்கீக."

அரசர் பதில் சொல்ல வாயெடுத்தார். தாண்டவராயன் அவர் காலை மிதித்தான். தூக்கு மட்டும் நீண்டது.

உள்ளேயிருந்து சவேரியானின் மனைவி சத்தம் போட்டாள். "நல்ல நாளும் அதுவுமா வாசல்ல நிக்கிறவுகள வெறுந்தூக்கோட அனுப்பப் போறீகளா?"

சவேரியான் தூக்கை வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது வஞ்சிரக் குழம்பு விளிம்புவரை தளும்பியது. "நமக்காகப் பாலன் பொறந்திருக்காரு. நல்லாயிருங்க மகாராசா," என்றார். அரசருக்குக் கண் கலங்கிவிட்டது. மீனுக்காகவா, வார்த்தைக்காகவா என்று தாண்டவராயன் கேட்கவில்லை.

அரண்மனையில் அகோரம் பிள்ளை குதித்தார். "வாழ்த்து எங்கே? இது பிச்சை!"

"எந்த நாளில் எதைச் சொல்லலாம் என்று அந்தந்த வீட்டுக்காரருக்குத்தான் தெரியும்," என்றான் தாண்டவராயன். "அவர்கள் வாழ்த்தினார்கள், நாம் வாங்கிக்கொண்டோம். தான் சொன்ன வாழ்த்துக்குத் தானே முகம் சுளிப்பவர் உண்டா, மந்திரியாரே?"

அரசர் வாய் நிறைய மீனோடு தலையாட்டினார். உப்புத் தோணி உப்போடு மட்டும் புறப்பட்டது.

மறுநாள் காலையில் அரண்மனை வாசலில் ஒரே இரைச்சல். அரசர் உப்பரிகையிலிருந்து எட்டிப் பார்த்தார். நயினார், மரைக்காயர், சவேரியான், அகோரம் பிள்ளையின் மைத்துனன் என்று ஊரே திரண்டு நின்றது. ஆளுக்கொரு காலித் தூக்கு.

"தாண்டவராயா! இவர்களுக்கு என்னடா வேண்டும்?"

"ஒன்றுமில்லை மகாராஜா. அன்றைக்கு 'ஆகவே' என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டீர்களே, மீதியை வாங்கிப்போக வந்திருக்கிறார்கள்."

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அகோரம் பிள்ளையின் கையில் கரண்டியைக் கொடுத்தார்.