ஒரே டப்பாவில் பதினான்கும் பதினைந்தும்

உப்பளத்தில் வேலை செய்யும் நாற்பது பெண்களிடம் ஒரு மருந்தாய்வு நடந்தது. அனைவருக்கும் இலேசான இரத்தசோகை. இருபது பேருக்கு மருந்து மாத்திரை, இருபது பேருக்கு வெறும் மாத்திரை. எது யாருக்கு என்பது எவருக்கும் தெரியாது; டப்பாவில் எண் மட்டும்.

வாரம் ஏழு மாத்திரை கொடுத்து, மிச்சத்தை எண்ணுவது மெட்டில்டாவின் வேலை. இரண்டு வாக்குக் கொடுத்திருந்தாள். மருத்துவரிடம்: கணக்கைக் கெடுக்கும் எதையும் அன்றே நோட்டில் எழுதுவேன். பெண்களிடம்: உங்கள் பெயரை வெளியே சொல்லேன். இது ஒப்புதல் தாளின் ஐந்தாம் வரி. தாளில் பன்னிரண்டு வரி. முதல் நாள் எல்லாருக்கும் சேர்த்து வாசிக்கையில் உப்பு லாரி ஹாரன் அடிக்கவே, பதினொன்றோடு நிறுத்திக் கைநாட்டு வாங்கிவிட்டாள்.

பதினான்காம் எண் முத்துப்பேச்சி. பதினைந்து, அவள் ஓரகத்தி சண்முகக்கனி. ஒரே வீடு, ஒரே உலை. எட்டு வாரமாக ஒரு மாத்திரைகூட மிஞ்சவில்லை. மெட்டில்டா பாராட்டினாள்.

"மிஞ்சுமா பின்ன? ரெண்டையும் ஒரே டப்பாவுல கொட்டி, ஆளுக்கொண்ணா எடுக்கோம்லா" என்றாள் முத்துப்பேச்சி.

"ஐயோ, ஏன்க்கா?"

"எனக்கு மூணாம் வாரமே மேலு தேறிட்டு. இவ தேறல. பாத்தியில மயங்கி விழட்டும்னு விடவா?"

"எங்கிட்ட சண்டைக்காரி, மாத்திரையில தர்மவதி" என்று சிரித்த கனி, சட்டென்று முகம் வாடினாள். "டாக்டர்ட்ட சொல்லிராத தாயி. எங்கள ஆய்வுலருந்து தள்ளிட்டா எனக்கு இருக்க பாதி மருந்தும் போயிரும்."

சொன்னால் துரோகி, மறைத்தால் பொய்க்கணக்கு. மெட்டில்டா ஒப்புதல் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பன்னிரண்டாம் வரியில் கண் நின்றது: 'சோர்வு தீராதவர் கேட்டால், ஆய்விலிருந்து விலகினாலும் உண்மையான மருந்து இலவசம்.' நோட்டைத் திறந்தாள். அதில் எண்கள் மட்டுமே. பெயர்ப்பட்டியலை வேறொருவர் பூட்டி வைத்திருந்தார், மருத்துவருக்கும் காட்டாமல்.

சொல்லுங்கள்: இதில் பிழை யாருடையது? இரு வாக்கும் உடையாமல் அவள் செய்ய வேண்டியது என்ன?

விடை: பிழை ஓரகத்திகளுடையது அன்று. பன்னிரண்டாம் வரியைக் கேட்டிருந்தால் கனி மருந்தைக் கேட்டு வாங்கியிருப்பாள், டப்பா கலந்திராது. ஆகவே முதலில் அந்த வரியை இருவருக்கும் வாசிக்க வேண்டும். பிறகு, பதினான்கும் பதினைந்தும் கலந்தன என்று எழுத வேண்டும். மருத்துவரிடம் எண் போகும், பெயர் போகாது. மெட்டில்டா அப்படியே செய்தாள். கீழே மேலும் ஒரு வரி எழுதினாள்: 'நாற்பது பேருக்கும் கடைசி வரி வாசிக்கப்படவில்லை. வாசிக்காதவள் மெட்டில்டா.' அந்த நோட்டில் ஏறிய ஒரே பெயர் அதுதான்.