மேசைமேல் பெய்த மழை

"என் பெட்டிக்கு என்ன குறைச்சல்? இன்னைக்குச் சொல்லியே ஆகணும் டீச்சர்."

வைரவன் உள்ளங்கை நீளச் சரக்கு ரயில் பெட்டி மாதிரியை மேசைமேல் வைத்தார். அவர் பொன்மலையில் பெயிண்ட் கடை வைத்திருந்தார். இப்படிப்பட்ட குட்டி ரயில் பெட்டிகளுக்குத் துருவும் அழுக்கும் ஏற்றி, நிஜமாக ஓடிப் பழசானவைபோல் ஆக்க, மெர்சலினிடம் கற்றுக்கொண்டிருந்தார்.

மறுநாள் குட்டி ரயில்களின் கண்காட்சி. மெர்சலின் தலையசைத்த பெட்டிகள் மட்டுமே அங்கே தண்டவாளம் ஏறும். வைரவனின் பெட்டிக்கு அவர் இன்னும் தலையசைக்கவில்லை.

"இது ஓடாத பெட்டி சார்," என்றார் மெர்சலின்.

"ஓடாத பெட்டியா! பக்கம் பூரா துருப்பொடி தேய்ச்சிருக்கேன். இதுக்கு மேல என்ன, எருமைச் சாணி அப்பணுமா?"

"எப்படி வச்சுத் தேய்ச்சீங்க?"

"எப்படின்னா? படுக்க வச்சுத்தான். கைக்கு வாகா இருக்க வேண்டாமா?"

மெர்சலின் பெட்டியை எடுத்து, மேசையிலிருந்த துண்டுத் தண்டவாளத்தில் நிறுத்தினார்.

பிறகு, குடிக்க வைத்திருந்த தண்ணீரை அதன் கூரைமேல் மெல்ல ஊற்றினார்.

வைரவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"என்ன அக்கிரமம் இது! பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லிட்டுப் போங்களேன். ஒருத்தன் உழைப்பு மேலயா தண்ணி ஊத்துவாங்க? தெருவையே கூப்பிட்டிருக்கேன். என் சம்பந்தி தஞ்சாவூர்ல இருந்து வர்றார். நாளைக்கு அவர்கிட்ட எந்த மூஞ்சியைக் காட்டுவேன்?"

"பாருங்க."

"எதைப் பார்க்க? எல்லாம்தான் போச்சே!"

"கத்திக்கிட்டே பாருங்க. நான் வேண்டாங்கலை."

வைரவன் குனிந்தார், திட்டுவதற்கு வசதியாக.

பெட்டியின் நீளவாக்கில் அவர் இழுத்திருந்த துருப்பொடி கரைந்துகொண்டிருந்தது. தண்ணீர் கூரை விளிம்பில் திரண்டது. ஒவ்வொரு ஆணித் தலையிலும் தயங்கி, அங்கிருந்து ஒரு மெல்லிய செங்கோடாகக் கீழே இறங்கியது. கதவுக் கீலுக்கடியில் கறுத்தது. அடிச்சட்டத்தில் வந்து சேறாகத் தங்கியது, பல மழையில் ஓடிய பெட்டியில் தங்குவதுபோல.

அவர் இன்னும் கிட்டே குனிந்தார், இந்த முறை பார்ப்பதற்காக.

"சரி விடுங்க சார்," என்றார் மெர்சலின், முந்தானையைக் கையில் எடுத்தபடி. "துடைச்சுக் கொடுத்துடறேன்."

வைரவன் பாய்ந்து குறுக்கே கையை நீட்டினார்.

"தொட்டீங்க, பொல்லாதவனாயிடுவேன்!"